இரண்டு பூட்டும் ஒரு ஷரத்தும்

ஓடிப்போனாள் என்று சொல்கிறவர்கள் முதலில் வாயை மூடிக்கொள்ளட்டும். கூடப் படிக்கிற எவனோடோ போய்விட்டாள் என்பது எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் கதை. அப்பாவையும் சித்தப்பாவையும் மோதவிட்டு, தொழிலுக்குப் பூட்டுப் போடவைத்து, வேடிக்கை பார்த்து அலுத்த பிறகு கிளம்பினாள் என்பது மருந்துக்கடைக்காரரின் கதை. முதல் கதை முழுப் பொய். தையல்காரம்மா நூறு தடவை சொன்னாலும் பொய்தான். இரண்டாவதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அந்தத் துளிதான் அந்தப் பெண்ணை உள்ளேயே அரித்தது.

தீர்ப்பு வந்து பட்டறை ஷட்டர் திறந்தாயிற்று. இனி நடந்ததைச் சொன்னால் யார் போட்ட கையெழுத்தும் அழிந்துவிடாது. பெற்ற அப்பனே இன்னும் அவளைக் கூப்பிடவில்லை, ஏனென்றால் அவருக்கும் விஷயம் தெரியாது. தெரியட்டும். யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தது அவள். மற்றவர்கள் கொடுக்கவில்லை.

வீட்டில் அவளுக்குப் பெயர் பாயிண்ட். ஏழு வயதில் அப்பா அடிக்கக் கை ஓங்கினால், "ஒரு பாயிண்ட் சொல்றேன்ப்பா, கேட்டுட்டு அடிங்க" என்று விரலைத் தூக்கியவள். அவருக்குச் சிரிப்பு வந்து கை தானாக இறங்கிவிடும். அந்த விரல் பிறகு இறங்கவே இல்லை. சட்டம் படித்தாள். ஒரு வக்கீல் ஆபீசில் ஆறு வருஷம் கிரயப் பத்திரமும் வாடகை ஒப்பந்தமும் எழுதினாள். முப்பது வயதில், காலையில் ஆபீஸ், மாலையில் வகுப்பு என்று சட்டத்தில் மேல்படிப்புக்குச் சேர்ந்தாள். எடுத்த பாடம் பன்னாட்டு வணிக நடுவர் முறை.

எழுத்து வாசனை இல்லாதவர்களுக்கும் புரிகிறபடி சொன்னால் விஷயம் இவ்வளவுதான். இந்த நாட்டுக் கம்பெனிக்கும் அந்த நாட்டுக் கம்பெனிக்கும் தகராறு. இவன் ஊர்க் கோர்ட்டை அவன் நம்ப மாட்டான், அவன் ஊர்க் கோர்ட்டை இவன் நம்ப மாட்டான். அதனால் ஒப்பந்தம் போடும்போதே, சண்டை வந்தால் எந்த ஊரில் உட்கார்ந்து, எத்தனை நடுவர்களை வைத்து, எந்த மொழியில், எந்த நடுவர் சங்கத்தின் விதிப்படி தீர்ப்பது என்று நாலு வரி எழுதிக்கொள்கிறார்கள். அந்த நாலு வரிதான் ஷரத்து. கையெழுத்துப் போட்டுவிட்டால் கோர்ட்டும் அதை லேசில் மீறாது.

"அப்போ இது ஃபீஸ் கட்டிப் படிக்கிற பஞ்சாயத்து" என்றார் சித்தப்பா.

"ஆமா சித்தப்பா. ஆனா இதுல சத்தம் போட்டு ஜெயிக்க முடியாது. உங்களுக்கு ஒத்துவராது."

சித்தி அடுப்படியில் நின்று சிரித்த சிரிப்பு மாடி முழுக்கக் கேட்டது.

ஒரே கட்டிடம். கீழே அட்டைப்பெட்டிப் பட்டறை, முதல் மாடியில் அப்பா வீடு, இரண்டாம் மாடியில் சித்தப்பா வீடு, எல்லாருக்கும் ஒரே படிக்கட்டு. அண்ணனும் தம்பியுமாக இருபது வருஷம் வாய்வார்த்தையிலேயே நடத்திய தொழில். அட்டை வெட்டும் மெஷின் ஒன்று வாங்கக் கடன் கேட்டுப் போனபோதுதான், கூட்டுப் பத்திரம் இருக்கிறதா என்று பேங்கில் கேட்டார்கள். இருவரும் திரும்பிப் பார்த்தது பாயிண்ட்டை.

அப்போது அவள் வகுப்பில் சேர்ந்து மூன்றாவது வாரம். மாதிரி ஷரத்துகள் என்று இரண்டு தாள் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெளிநாட்டுச் சங்கத்துடையது, ஒவ்வொன்றும் படிக்கப் படிக்க அழகு. கையில் புதுச் சுத்தியல் கிடைத்தவளுக்குப் பார்த்ததெல்லாம் ஆணி. ஒரு தாளிலிருந்து ஊரை எடுத்தாள், இன்னொன்றிலிருந்து விதியை எடுத்தாள், இரண்டையும் தைத்துப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் வைத்தாள். தகராறு வந்தால் மூன்று நடுவர்கள். உட்காரும் இடம், கடல் தாண்டி விமானத்தில் பாதி நாள் போக வேண்டிய ஒரு பெரிய நகரம். மொழி ஆங்கிலம். விதிகள், இரண்டு சங்கத்துடையவையும்.

கையெழுத்துப் போட்ட அன்று சித்தப்பா பேனாவை மூடிவிட்டு, "அண்ணே, சண்டை போட்டாவது அந்த ஊரைப் பார்த்துடணும்ணே" என்றார்.

"நீ போ. நான் இங்கேருந்தே தோத்துக்கறேன்" என்றார் அப்பா.

வீடே சிரித்தது. அப்பா அந்தக் கடைசிப் பக்கத்தை பெட்டி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். "எங்க தகராறுக்கு மூணு ஜட்ஜு, அதுவும் வெளிநாட்டுல" என்பார். ஒருவருக்கும் அதிலிருந்த ஆபத்து உறைக்கவில்லை. எழுதியவளுக்கே உறைக்கவில்லை.

ஒரு வருஷம் கழித்துத் தகராறு வந்தது. பட்டறையை லாரி நுழைகிற ஊர் எல்லைக்கு மாற்றிவிடலாம் என்றார் சித்தப்பா. இந்தத் தெருவை விட்டு நகர மாட்டேன் என்றார் அப்பா. பேச்சு முற்றி, "உனக்கு என்னடா தெரியும்" என்று ஒருவர் சொல்ல, "இருபது வருஷமா இதையேதான் சொல்றே" என்று மற்றவர் சொல்ல, மறுநாள் காலையில் ஷட்டரில் சித்தப்பாவின் பூட்டு தொங்கியது. மதியத்துக்குள் அதன் பக்கத்தில் அப்பாவின் பூட்டு. இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். இரண்டு சாவியும் படிக்கட்டில் எதிரெதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போயின.

உள்ளே பீப்பாயில் கோந்து இறுகிக்கொண்டிருந்தது. சுவரோடு அடுக்கிய அட்டைச் சுருள்கள் ஈரம் வாங்கிக்கொண்டிருந்தன. பெட்டிகளுக்குக் கம்பிப் பின் அடிக்கிற ஆறு பெண்கள் ஒரு வாரம் வாசலில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஒவ்வொருத்தியாக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். இருபது வருஷமாகச் சரக்கு எடுத்த செருப்புக் கம்பெனி, மூன்று மாதம் பார்க்கிறோம், அதற்கு மேல் முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டது.

அப்பா கோர்ட்டுக்குப் போனார். நீதிபதி பத்திரத்தைப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தினார். மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை யார் எழுதினது?"

அப்பாவின் வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா குனியவில்லை. "என் பொண்ணுதான் எழுதினா, ஐயா. மேல்படிப்பு படிக்கிறா."

நீதிபதி பின்வரிசையில் நின்ற பெண்ணைப் பார்த்தார். நல்ல மனுஷர், அதற்கு மேல் அவளைச் சங்கடப்படுத்தவில்லை. "நல்லாத்தான் எழுதியிருக்காங்க. ஆனா நடுவர்கிட்ட போறோம்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட பிறகு நான் இந்த வழக்கைக் கையில எடுக்க முடியாதுங்க. எழுதின இடத்துக்கே போங்க."

பஸ்ஸில் திரும்பும்போது அப்பா பத்திரத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தபடி, "நல்லாத்தான் எழுதியிருக்கேன்னு ஜட்ஜே சொல்லிட்டாரே, பாயிண்ட். நீ ஏன் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிறே?" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. தேற்றினார். அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அப்பா ஒரு தடவை திட்டியிருந்தால் போதும், அவள் பிழைத்திருப்பாள்.

இரண்டு சங்கங்களுக்கும் எழுதிப் பார்த்தாள். இன்னொரு சங்கத்தின் விதியும் கலந்திருப்பதால் இதை எடுத்துக்கொள்ள இயலாது என்று ஒன்று பதில் போட்டது. மற்றது பதிலே போடவில்லை. இங்கே கோர்ட்டும் கதவைச் சாத்திவிட்டது, கடலுக்கு அந்தப் பக்கமும் கதவில்லை. நடுவில் இரண்டு பூட்டு. தினமும் காலையில் ஆபீசுக்கு இறங்கும்போது அவள் அந்த ஷட்டரைத் தாண்டித்தான் போக வேண்டும். தலை நிமிராமல் போகப் பழகிக்கொண்டாள்.

அந்த மாதம் வகுப்பில், எழுதியும் நடைமுறைக்கு ஒத்துவராத கோளாறு ஷரத்துகளைப் பற்றிப் பாடம். கண்ணில் பட்ட ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் பேராசிரியை. அவள் தன் கடைசிப் பக்கத்தையே கொண்டுபோனாள், பெயர்கள் மேல் கறுப்பு மை பூசி. வேறு யாரிடம் போய் வழி கேட்பாள்?

பேராசிரியை எழுந்து நின்று சத்தமாகப் படித்தார். ஊர் வந்ததும் ஒருவர் சிரித்தார். இரண்டு சங்கத்து விதி வந்ததும் வகுப்பே குலுங்கியது.

"அட்டைப்பெட்டிக்கா?" என்றார் கூடப் படிக்கிற கப்பல் கம்பெனி வக்கீல் ஒருவர். "மேடம், மூணு நடுவர் பத்தாது. நாலாவதா ஒரு டாக்டரைப் போடணும்."

பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எழுதின புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சா கூட்டிட்டு வாங்கம்மா. வகுப்புல நிக்கவச்சு ஒரு மாலை போடலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்துபோய்க் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்றாள். முகம் கழுவித் திரும்பி வந்து, கையைத் தூக்கினாள்.

"மேடம், இதுக்கு மருந்து இருக்கா?"

அந்தக் குரலில் என்ன கேட்டதோ, பேராசிரியை சிரிப்பை நிறுத்தினார். "கோர்ட்டால முடியாது, சங்கத்தாலயும் முடியாது. கையெழுத்துப் போட்ட ரெண்டு பேரும் சேர்ந்து பழசை ரத்து பண்ணிட்டு, புதுசா ஒண்ணு போடணும். ஒரே பக்கம் போதும். ஆனா ரெண்டு பேரும் போடணும்மா."

அந்த ஒரு பக்கத்தை அவள் அன்றைக்கே எழுதினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பத்திரத்தை அப்பா பேசுகிற மொழியில் எழுதினாள். பழைய ஷரத்து ரத்து. நடுவர் ஒரே ஒருவர். அவரை அட்டைப்பெட்டி தயாரிப்பாளர் சங்கமே நியமிக்கும். உட்காரும் இடம் இதே ஊர். முப்பது நாளில் முடிவு, முடிவுக்கு இருவரும் கட்டுப்பட வேண்டும்.

அப்பா படித்துவிட்டு, "அவன் முதல்ல போடட்டும்" என்றார்.

மாடியேறிப் போனால் சித்தப்பா, "அண்ணன் முதல்ல போடட்டும்" என்றார்.

மூன்று நாள் அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கினாள். நாலாம் நாள் அவள் படிப்பே கை கொடுத்தது. பெரிய கம்பெனிகள் செய்கிற மாதிரி ஒரே எழுத்தில் இரண்டு பிரதி எடுத்தாள். அவரவர் பிரதியில் அவரவர் கையெழுத்து, ஒரே நேரத்தில் கைமாற்று. யாரும் முதலில்லை, யாரும் அடுத்ததில்லை. அப்பா யோசித்து, சரி என்றார். சித்தப்பா பேனாவைக்கூட எடுத்துவிட்டார். எடுத்து, மூடிக்கொண்டார்.

"உட்காரு" என்றார். சித்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். "நடுவருக்கு ஒரு பக்கத்து ஆளோட உறவு இருக்கக்கூடாதுன்னு நீதானே சொன்னே? இதே எடத்துல உட்கார்ந்து சொன்னே."

"ஆமா சித்தப்பா. ஆனா நான் நடுவர் இல்லையே."

"உறவே இல்லாட்டியும், இருக்குமோன்னு ஒருத்தன் நினைக்கிற மாதிரி இருந்தாலே தப்புன்னு சொன்னே."

"சொன்னேன்."

"நீ எழுதின ஒரு பக்கம் என்னை எங்க கொண்டுபோய் நிறுத்துச்சுன்னு பார்த்தேல்ல? இப்ப இன்னொரு பக்கம் கொண்டுவந்திருக்கே. என் வீட்ல எழுதத் தெரிஞ்சவங்க யாருமில்ல. அண்ணன் பக்கத்துல நீ இருக்கே. முப்பது நாளும் அவருக்கு நீ சொல்லிக் கொடுப்பே, எழுதிக் கொடுப்பே. மாட்டேன்னு சொன்னாலும் எனக்குத் தூக்கம் வராது."

"நான் என்ன செய்யணும், சித்தப்பா?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தீர்ப்பு வர்ற வரைக்கும் நீ இந்த வீட்ல இருக்கக்கூடாது. போன்லயும் பேசக்கூடாது. நான் கேட்டேன்னு அண்ணனுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா அவர் கையெழுத்துப் போட மாட்டார். பத்திரத்தைக் கிழிச்சுட்டு என்னை அடிக்க வருவார்."

"என்னங்க இது, அவ நம்ம பொண்ணு" என்றாள் சித்தி.

"அதனாலதான் கேட்கறேன்."

பாயிண்ட் விரலைத் தூக்கவில்லை. சொல்ல ஒரு பாயிண்ட்டும் இல்லை, அவர் சொன்னதெல்லாம் அவள் புத்தகத்தில் இருந்தது. சண்டையில் ஒரு பக்கத்துக்கு மட்டும் வீட்டுக்குள்ளேயே வக்கீல் இருந்தால் மறுபக்கத்துக்கு எப்படி நம்பிக்கை வரும்? செருப்புக் கம்பெனி கொடுத்த கெடுவில் மீதி ஐந்து வாரம். அவள் எழுந்து, "சரி சித்தப்பா, நாளைக்கே போயிடறேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். சித்தி அவள் கையைப் பிடித்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, இரண்டு மாடிக்கும் நடுவில், படிக்கட்டுத் திருப்பத்தில் வைத்துப் பத்திரம் கைமாறியது. அதற்கு முன்பே அவள் சாமான்களைக் கட்டியிருந்தாள். ஷட்டருக்கு வெளியே கிடந்த பின் அடிக்காத பெட்டி ஒன்றை மடக்கி, கயிறு கட்டி, அதில் புத்தகங்களை வைத்திருந்தாள். தோளில் துணிப்பை.

அப்பா சித்தப்பாவின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினார். பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"எங்க?"

"ஹாஸ்டலுக்குப்பா. பரீட்சை வருது. இங்க இருந்தா படிக்க முடியல."

"இன்னிக்கா? எனக்காக அந்த நடுவர் முன்னால யார் பேசுவா?"

மேல்படியில் சித்தப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ கட்டின முடிச்சு, பாயிண்ட்" என்றார் அப்பா. கோர்ட்டிலும் பஸ்ஸிலும் சொல்லாததை அன்றைக்குத்தான் சொன்னார். "கட்டிட்டு, அவிழ்க்கிற நேரத்துல தப்பிச்சுப் போறே. ஒரு பாயிண்ட் இருந்தா சொல்லிட்டுப் போ."

அவர் காத்திருந்தார். நிஜமாகவே காத்திருந்தார், சிறுவயதில் கையை ஓங்கிக்கொண்டு காத்திருப்பாரே, அதே மாதிரி. அவள் உதடு ஒரு தடவை பிரிந்தது. பத்திரம் இன்னும் அவர் கையில்தான் இருந்தது, கிழிக்க ஒரு நொடி போதும்.

"இல்லப்பா" என்றாள்.

குனிந்து பெட்டியைத் தூக்கினாள். படியிறங்கினாள். கீழே இரண்டு பூட்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. எதிர்வீட்டு ஜன்னலில் தையல் மெஷின் சத்தம் நின்றது. பெட்டியின் அடி பிரிந்துவிடாமல் ஒரு கையை உள்ளங்கை விரித்துக் கீழே கொடுத்தபடி, அவள் தெருவில் இறங்கி நடந்தாள்.