ரயில் வெடி லேபிளில் வந்த என்ஜின்

கலர் விஷயத்தில் என்னிடம் வாய் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் அச்சகத்தில் எல்லோருக்கும் தெரியும். சிவகாசியில் இருபது வருடமாக ஆஃப்செட் மெஷின் முன்னால் நின்று, சாமி காலண்டரும் பட்டாசு லேபிளும் அடித்துப் பழகிய கண் இது. மெஜந்தா கொஞ்சம் கூடினாலும் எனக்கு உறுத்தும். மச்சினன் கல்யாணத்தில் ஜமுக்காளத்தின் பச்சையைக் குறை சொல்லி என் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

இந்தக் கண்ணை நம்பி நான் அடித்த பெரிய கூத்து, ஒரு சாண்கூட இல்லாத ரயில் என்ஜின் ஒன்றில் நடந்தது.

நாங்கள் மூன்று பேர். விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் பாய், திருத்தங்கலில் பள்ளிக்கூட டீச்சர், நான். மூன்று பேருக்கும் பொம்மை ரயில் பைத்தியம். பொம்மை என்று சொன்னால் டீச்சருக்குக் கோபம் வரும், "மாடல்" என்று திருத்துவார். பாயின் குடோனுக்கு மேலே இருந்த அறையில் நீளமாகப் பலகை போட்டு, விருதுநகரிலிருந்து திருத்தங்கல் வழியாகச் சிவகாசி வரைக்கும் மீட்டர் கேஜ் லைனைச் சின்னதாக அமைத்திருந்தோம். காலண்டர் அட்டையில் ஸ்டேஷன், தீக்குச்சியில் தந்திக் கம்பம். எல்லாம் சரி, ஓடியது மட்டும் ஏதோ ஐரோப்பிய மலை ரயில் என்ஜின். நம் ஊர் என்ஜினை மாடலாக உலகத்தில் யாரும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அந்த அந்நியனைத் திருத்தங்கலில் நிறுத்தி எடுத்துக்கொண்டிருந்தோம்.

இதற்கிடையில் நிஜமான மீட்டர் கேஜ் தண்டவாளத்தையும் பெயர்த்து, அகலப் பாதை போட்டுவிட்டார்கள். பழைய டீசல் என்ஜின் எங்கே போனது என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்த ஜனவரியில், காலண்டர் சீசன் முடிந்து மெஷின் கொஞ்சம் மூச்சு விட்ட நேரம், டீச்சர் அச்சகத்துக்கே போன் செய்தார். "அண்ணே, மாடல் கம்பெனிக்காரன் இந்த வருச என்ஜின் லிஸ்ட்டப் போட்டுட்டான். மூணாவதா என்ன இருக்குன்னு வந்து பாருங்க." சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். நான் கை மையைக்கூடத் துடைக்காமல் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். பாய் விருதுநகரிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார்.

வெளிநாட்டுக் கம்பெனியின் அறிவிப்பு. புதிய என்ஜின்கள் மூன்று. முதல் இரண்டை யார் பார்த்தார்கள்! மூன்றாவது, நம்முடைய மீட்டர் கேஜ் டீசல். அதே நீண்ட மூக்கு, அதே கைப்பிடிக் கம்பி, டிரைவர் தலையை நீட்டும் அதே ஜன்னல். பாய் கம்ப்யூட்டர் திரையைத் தொட்டே பார்த்தார். நான் மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தேன். அப்புறம்தான் வாயைத் திறந்தேன்.

"கலர் தப்பு."

படத்தில் என்ஜின் மெரூன் நிறத்தில் இருந்தது, நடுவில் மஞ்சள் பட்டை. நான் பர்ஸிலிருந்து ஒரு லேபிளை எடுத்தேன். நூலில் கோத்துப் பற்ற வைத்தால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சீறிக்கொண்டு ஓடுமே, அந்த ரயில் வெடியின் லேபிள். எங்கள் அச்சகத்தில் பல வருடத்துக்கு முன்னால் அடித்தது. நம் லைன் என்ஜினைப் பார்த்து வரைந்த படம் என்பதால் லேமினேட் பண்ணி வைத்திருந்தேன். அதில் என்ஜின் பளீரென்ற சிவப்பு.

"மாப்ளே, நான் தெனம் அந்த வண்டில போயிட்டு வந்தவன். மெரூன்தான்" என்றார் பாய்.

"தூசி படிஞ்சு மெரூனாத் தெரிஞ்சிருக்கும் பாய்."

"இந்தச் செவப்புல ஒரு வண்டி நம்ம லைன்ல ஓடிருந்தா, நான் பருப்பு யாவாரத்தையே விட்டுர்றேன்."

டீச்சர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் மெரூன் என்றுதான் ஞாபகம். ஆனால் நான் கலர்காரன் ஆயிற்றே, என் பேச்சைத் தாண்ட அவருக்குத் தயக்கம். கடைசியில் கலரை மாற்றச் சொல்லிக் கம்பெனிக்கு மெயிலை அவரே இங்கிலீஷில் எழுதினார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ப்ரூஃப் போட்டுக் காட்டி, பார்ட்டி அதில் 'ஓகே' எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதுதான் வேதம். அப்புறம் அம்மன் முகம் நீலமாக வந்தாலும் மெஷின்காரனை யாரும் கேட்க முடியாது. அதே பழக்கத்தில் லேபிளின் பின்னால் 'இந்தக் கலர் ஓகே' என்று இங்கிலீஷில் எழுதி, கையெழுத்தும் போட்டு, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன்.

ஒரு மாதத்தில் டீச்சரின் மெயிலுக்குப் பதில் வந்துவிட்டது. தங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு மங்கலான புகைப்படம்தான் என்றும், அந்த ஊர்க்காரர் ஒருவரே கலர் மாதிரி அனுப்பியது பெரிய உதவி என்றும், பெயிண்ட் பிரிவு லேபிளைப் பார்த்து வேலை ஆரம்பித்துவிட்டது என்றும் எழுதியிருந்தார்கள். நான் அன்று அச்சகம் முழுக்க சேவும் டீயும் வாங்கிக் கொடுத்தேன். பாய்க்குப் போன் போட்டு, "பருப்புக் கடைய எப்பச் சாத்தப் போறீக?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, தோற்றவர் கேட்பதுபோல, தனக்கும் அந்த லேபிள் ஒன்று வேண்டும் என்றார்.

அதைத் தேடித்தான் பழைய ஜாப் கவர்கள் கிடக்கும் அறைக்குள் போனேன். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கவர், அதற்குள் லேபிள் சாம்பிளும் குறிப்பும் இருக்கும். ரயில் வெடியின் கவர் கிடைத்தது. உள்ளே நாலு லேபிள். கவரின் மேல் பேனாவில் ஒரு வரி: 'மெரூன் மை தீர்ந்துவிட்டது. தீபாவளி லோடு அவசரம். மகாலட்சுமி காலண்டர் சேலைச் சிவப்பு மீதி இருந்ததை ஊற்றி ஓட்டியது.'

கையெழுத்து என்னுடையது.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்ஜினை நான் எத்தனையோ தடவை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் இத்தனை வருடமாக லேபிளையே எடுத்து எடுத்துப் பார்த்து, நான் ஊற்றிய மையை நானே நம்பியிருக்கிறேன். ஊரில் எல்லோருக்கும் ஏமாற்றுக்காரன் வெளியிலிருந்து வருவான், எனக்கு என் பர்ஸிலேயே இருந்தான்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன என்று தோன்றியது உண்மை. நிஜ என்ஜின் போய்விட்டது. மாடல் சிவப்பாக வந்தால், கொஞ்ச வருடத்தில் பாயே சிவப்பு என்றுதான் சொல்வார். என் கண்ணின் மானமும் தப்பும். மூன்றாம் நாள் டீச்சர் போன் செய்து, "மாடல் வந்ததும் எங்க ஸ்கூலுக்கு ஒரு நாள் எடுத்துட்டுப் போகணும்ணே. நம்ம வண்டி எப்படி இருந்துச்சுன்னு பிள்ளைக பாக்கணும்ல?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நம் வண்டி அப்படி இருக்கவில்லையே!

ஞாயிற்றுக்கிழமை பாயின் அறையில் அந்தக் கவரைப் பலகை மேல் வைத்தேன். பாய் சத்தம் போட்டு வாசித்தார். மகாலட்சுமி சேலை வரைக்கும் வந்ததும் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டது. சிரித்துச் சிரித்துப் பருப்பு மூட்டை மேல் சாய்ந்தார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஏண்ணே, அந்த வருசம் மகாலட்சுமிக்குப் பச்சச் சேல கட்டிருந்தா என்ன பண்ணிருப்பீக?" என்றார். வைது தீர்ப்பார்கள் என்று பயந்து போயிருந்தேன். என் தலையிலிருந்து ஒரு பேப்பர் பண்டலை இறக்கி வைத்தமாதிரி இருந்தது. அன்றைக்கே பிரவுசிங் சென்டருக்குப் போய், 'நீங்கள் முதலில் போட்ட மெரூன்தான் சரி, தப்பு என்னுடையது' என்று நடந்ததையெல்லாம் டீச்சர் கையால் எழுதி அனுப்பினோம்.

பதில் இல்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். நேரம் கடந்துவிட்டதா, எல்லா என்ஜினும் சேலைக் கலரில் தயாராகிவிட்டதா, ஒன்றும் தெரியவில்லை. சீசன் சூட்டில் லேபிள் அடித்துக்கொண்டே, சிவப்பு மை டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அந்த என்ஜினைத்தான் நினைத்தேன்.

தீபாவளி நெருங்கிய சமயத்தில், நாங்கள் கேட்டிருந்த என்ஜின் பார்சல் அச்சகத்துக்கு வந்தது. தபால்காரர் அதைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்திருந்தார். "சார், ரயில்னு எழுதிருக்கு. வெடியத் தபால்ல அனுப்பக் கூடாதுல்ல?" அது ஓடுகிற ரயில், வெடிக்கிற ரயில் இல்லை என்று அவருக்குப் புரிய வைப்பதற்குள் மெஷினில் நூறு ஷீட் வீணாய்ப் போனது.

பிரிக்காமலே விருதுநகருக்குக் கொண்டுபோனேன். பாய்தான் பிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். "மாப்ளே, மெரூன்!" என்று அவர் கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தேன். அப்பழுக்கில்லாத மெரூன், மஞ்சள் பட்டை. அதைப் பார்த்த நிமிடமே நிஜ என்ஜின் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. திருத்தங்கலில் அது வெயிலில் நின்ற நிறம் இதேதான்.

"இங்கன இன்னொண்ணு இருக்கு" என்றார் டீச்சர். பெட்டிக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் இன்னொரு என்ஜின், பளீரென்ற சிவப்பில். கூடவே என் லேபிளும் ஒரு துண்டுக் கடிதமும். டீச்சர் வாசித்துத் தமிழில் சொன்னார்: உங்கள் இரண்டாவது மெயில் வருவதற்கு முன்னால் இந்த ஒன்றுக்கு மட்டும் பெயிண்ட் அடித்துவிட்டோம். இதை விற்க முடியாது, தூக்கிப் போட மனம் வரவில்லை. எங்கள் பதிவேட்டுக்காக ஒன்று மட்டும் எழுதுங்கள். இப்படி ஒரு என்ஜின் உங்கள் லைனில் ஓடியது உண்டா?

பாய் அதை வாங்கி, தண்டவாளத்தில் வைத்து, சுவிட்சைப் போட்டார். மகாலட்சுமி சேலைச் சிவப்பு விருதுநகரை விட்டுப் புறப்பட்டு, காலண்டர் அட்டைத் திருத்தங்கலைத் தாண்டி, சிவகாசியில் வந்து நின்றது.

"ஓடிருக்குன்னு எழுதுங்க டீச்சர்" என்றார் பாய். "பருப்புக் கடைய நான் நாளைக்குச் சாத்திக்கிறேன்."