முன்னால் கொண்டுவந்த குழாய்

பதினொரு வயதில் கார்புரேட்டரைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும். அதாவது, நைனாவின் போனில் வீடியோ பார்த்த அளவுக்குத் தெரியும். அதுவே நிறைய என்று நான் நினைத்தேன். எங்கப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்; அவரும் அப்படியே நினைத்தார். அங்கேதான் எல்லாம் கெட்டது.

திருத்தணியில், அரக்கோணம் சாலை ஓரமாக எங்கள் ஒர்க்‌ஷாப். பெயர்ப்பலகையில் நைனா இருந்தார், வண்டிக்கு அடியில் சித்தப்பா இருந்தார். அந்த வருஷம் சென்னையிலிருந்து ஒரு பெரியவர் தன் பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரை லாரியில் ஏற்றி அனுப்பினார். பச்சை நிறம், இரண்டே பேர் உட்காரலாம், தவளை மாதிரி தாழ்ந்து கிடக்கும். நான்கு மாதம் சித்தப்பா அதோடுதான் குடித்தனம் நடத்தினார். நன்றாக ஓடவைத்தால், தன்னிடமிருக்கும் மற்ற பழைய கார்களைப் பார்த்துக்கொள்ளச் சித்தப்பாவைச் சென்னைக்கே அழைத்துக்கொள்வதாகப் பெரியவர் சொல்லியிருந்தார். சித்தி அப்போது மாசமாக இருந்தாள். பாத்திரங்களைச் சாக்கில் கட்டவே ஆரம்பித்துவிட்டாள்.

அந்த இன்ஜினுக்கு இரட்டைக் கார்புரேட்டர். ஒவ்வொன்றிலும் பெட்ரோல் நிற்க ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு மிதவை. மிதவை சிக்கிக்கொண்டால் பெட்ரோல் வழியும். வழிவதைத் தரைக்குக் கொண்டுபோகக் கிண்ணத்துக்கு ஒன்றாக மெல்லிய செம்புக் குழாய். கார்புரேட்டருக்கு நேர் கீழே கொதிக்கக் கொதிக்க எக்ஸாஸ்ட் போகிறது. ஆகவே குழாய் எங்கே போய் முடிகிறது என்பது விளையாட்டு இல்லை.

நான் கணக்கு நோட்டில் படம் வரைந்தேன். இரண்டு குழாயையும் சேர்த்து, முன்னால் இழுத்து, பம்பருக்கு அடியில் முடித்தேன். எக்ஸாஸ்டுக்கு எவ்வளவு தூரம் பாருங்கள்!

சித்தப்பா நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வேணாம் பாப்பா. முன்னால உட்டா, வண்டி ஓடறப்ப காத்து அடிச்சி எல்லாம் அடியிலயேதான் வரும். எக்ஸாஸ்டத் தாண்டி, பின்பக்கமா கீழ எறக்கிடலாம்.”

“எட்டாவதுல நின்னவன் நீ. அவ இங்கிலீஷ்ல கேட்டுகினு வந்து சொல்றா” என்றார் நைனா. “அவ சொல்ற மாதிரியே இருக்கட்டும்.”

“அதில்லண்ணா…”

“இருக்கட்டும்ன்றேன்ல.”

சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். குழாயை நானே வளைத்தேன், நானே கம்பி போட்டுக் கட்டினேன். நைனா என்னைப் படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். மறுநாள் சித்தப்பா குனிந்து பார்த்தார். ஸ்பேனரை எடுத்தார். நைனாவைப் பார்த்தார். ஸ்பேனரை வைத்துவிட்டார்.

எங்கள் ஊரிலிருந்து எந்த வண்டியும் மலையடிவாரத்தில் பூஜை போடாமல் கிளம்பாது. பெரியவரும் வந்து சேர்ந்தார். மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. எங்களுக்கு முன்னால் இரண்டு மினி லாரிகள், பூசாரி அவற்றை முடித்துவிட்டு வர நேரமானது. “ஆஃப் பண்ணாதீங்க சார், ஓடிகினே இருக்கட்டும். சாமி முன்னால வண்டி உயிரோட நிக்கணும்” என்றார் நைனா.

நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்ததில் எப்போதோ மிதவை சிக்கியிருக்கிறது. பூசாரி பூசணிக்காயின் மேல் கற்பூரம் ஏற்றி, மூன்று சுற்றுச் சுற்றிப் பம்பருக்கு முன்னால் தரையில் வைத்தார்.

“அண்ணா, பெட்ரோல் வாட அடிக்குது. வண்டிய நிறுத்து.”

“நல்ல நேரத்துல வாயத் தொறக்காதடா.”

குப்பென்று பிடித்தது. மாலை எரிந்தது, டயர் எரிந்தது, பச்சைப் பெயின்ட் அப்பளம் மாதிரி பொரிந்தது. எல்லோரும் பின்னால் ஓட, சித்தப்பா மட்டும் முன்னால் ஓடினார். கையாலேயே மண்ணை அள்ளி அள்ளிப் போட்டு அணைத்தார்.

பெரியவர் குனிந்து பார்த்தார். வண்டியைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. “இந்தப் பைப்பை இங்க கொண்டுவந்து விட்டது யாரு?”

நான் வாயைத் திறந்தேன். நைனாவின் கை என் தோளை அழுத்தியது. “தம்பி வேலை சார். எவ்ளோ சொன்னேன், கேக்கல.”

சித்தப்பா நைனாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “ஆங், நான்தாங்க” என்றார்.

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். நைனா சமாதானம் சொன்னார். நான் போட்டது சரியாகத்தான் இருந்ததாம். பொறாமையில் சித்தப்பா நுனியை அறுத்துவிட்டாராம், அதனால்தான் கற்பூரத்துக்குப் பக்கத்தில் ஒழுகியதாம். ஸ்பேனரை எடுத்ததை நானே பார்த்தேனே! எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான் செய்தது தப்பாக இருக்க முடியாதல்லவா.

சித்தப்பா அந்தக் குழாயைத் தொடவே இல்லை என்று அம்மா போன வருஷம்தான் சொன்னாள், அதுவும் கீரை ஆய்ந்துகொண்டே, ஊர்க்கதை சொல்வதுபோல. நான் மெக்கானிக்கல் படிக்கிறேன். சித்தப்பா கே.ஜி.கண்டிகைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒர்க்‌ஷாப் பக்கம் வருவதில்லை.

தீப்பிடித்த மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு கையிலும் கட்டு. சென்னை வேலை போய்விட்டது. சித்தி சாக்கை அவிழ்த்துப் பாத்திரங்களைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“என் பைப்ப ஏன் சித்தப்பா அறுத்த?”

சித்தி விருட்டென்று எழுந்தாள். சித்தப்பா அவளைப் பார்த்த பார்வையில் அப்படியே நின்றாள்.

“தப்புதான் பாப்பா” என்றார். “அறுத்திருக்கக் கூடாது.”

“சரி, உடு. இனிமே அடுத்தவங்க செஞ்சதத் தொடாத” என்றேன். மன்னித்துவிட்டதாகவும் சொன்னேன்.

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது என்று நினைத்து, நானும் சிரித்தேன்.