ட்ரெய்லருக்கு எஞ்சின் நம்பர்

வாகன யார்டின் கேட் ரூமுக்குள் போகும்போது செருப்பை வெளியே விட வேண்டும். வாசலில் லாரிகள் மிதித்துக் குழைத்த சேறு. உள்ளே சிமெண்டுத் தரையில் ஒரு மேசை, அதன் மேல் பிளாஸ்டிக் உறை போட்ட கம்ப்யூட்டர். தூசி பட்டால் கெட்டுவிடும் என்று யாரோ சொன்னதை, வாசல் காவலும் வண்டிப் பதிவும் பார்த்துவந்த கேட் அண்ணன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். யார்டு முதலாளியே செருப்போடு வந்தாலும், "சார், உள்ள பொட்டி கீது" என்று நினைவூட்டுவார். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்து நூம்பலுக்குத் திரும்பும் வழியில் இருந்த அந்த யார்டில் பழைய லாரி, வேன், ஆட்டோக்களை வாங்கிச் சரிசெய்து விற்பார்கள். கேட் அண்ணனின் அப்பா, அதே நிலம் வயலாக இருந்தபோது அதில் கூலிக்கு நாற்று நட்டவர். அதை அவர் வருத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "எங்கப்பா சேத்துல நின்னாரு, நானும் சேத்துலதான் நிக்கிறேன். எனக்கு இன்னா, ஃபேன் கீது" என்பார்.

அந்த யார்டுக்கு வண்டி இருப்பைக் கணக்கு வைக்கும் புரோகிராமை எழுதியது எங்கள் அலுவலகம். மண்ணூர்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு மாடியில் இருந்தது. நான், சீனியர், எங்கள் முதலாளி என்று மூன்றே பேர். அப்பா பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் இருந்ததால் எங்கள் வீடு ஆவடி குவார்ட்டர்ஸில். பஸ்ஸில் வந்து போவேன். சீனியர் என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர், எனக்கு முன்னால் சேர்ந்தவர் என்பதால் அந்தப் பெயர். கீழே லேத் ஓடத் தொடங்கினால் எங்கள் மானிட்டரில் எழுத்துகள் நடுங்கும். நான் அது நிற்கும்வரை காத்திருப்பேன். அவர் நடுங்கும் எழுத்துகளைப் பார்த்தபடியே அடித்துக்கொண்டு போவார். பொறுமை என்பது அவரிடம் கிடையாது. டீ ஆறுவதற்குள் குடித்துவிட்டு நாக்கைச் சுட்டுக்கொள்கிற மனிதர்.

சி ப்ளஸ் ப்ளஸ் அப்போது எங்களுக்குப் புதிது. அவர் அதை எழுதிய விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எல்லா வண்டிக்கும் பொதுவான பதிவு எண், வாங்கிய தேதி, யார்டில் நிற்கும் இடம் ஆகியவற்றை வைத்து 'வண்டி' என்று ஓர் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் எழுதினார். அது வெறும் பொது வடிவம். அதிலிருந்து நேராக எந்த வண்டியையும் உருவாக்க முடியாது. லாரி, வேன், ஆட்டோ என்ற தனித்தனி கிளாஸ்கள் பொதுவானவற்றை அதனிடமிருந்து பெற்றுக்கொண்டு, தங்களுக்கே உரியதைச் சேர்த்துக்கொள்ளும். 'வெளியே அனுப்பலாமா?' என்ற ஒரு கேள்வியை மட்டும் அவர் 'வண்டி'யில் பதில் இல்லாமல் விட்டிருந்தார். லாரியில் எதையெல்லாம் சரிபார்த்த பிறகு அனுப்பலாம் என்பதை லாரி சொல்ல வேண்டும், ஆட்டோவுக்கு ஆட்டோ சொல்ல வேண்டும். யாராவது பதில் எழுதாமல் விட்டால், நாங்கள் எழுதியதைக் கம்ப்யூட்டரின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் பிழை காட்டி நின்றுவிடும். "நாம மறந்தாலும் இது விடாது" என்பார் பெருமையாக. பதில் சரியாக வந்தால்தான் கேட் பாஸ் அச்சாகும். கம்ப்யூட்டர் வந்த பிறகு மெக்கானிக்கின் கையெழுத்துச் சீட்டை நிறுத்திவிட்டு, பாஸ் இருந்தால் வண்டி போகலாம் என்று யார்டில் விதி செய்துவிட்டார்கள்.

பிறகு யார்டு முதலாளி ஏலத்தில் சில ட்ரெய்லர்களை எடுத்து வந்தார். எஞ்சின் இல்லாதவை, லாரியின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற வெறும் சக்கர மேடைகள். உடனே கம்ப்யூட்டரில் ஏற்றியாக வேண்டும் என்றார். சீனியர் ட்ரெய்லர் கிளாஸை 'வண்டி'யிலிருந்து பிறக்க வைக்கவில்லை, 'லாரி'யிலிருந்து பிறக்க வைத்தார். டயர், பாரம், பர்மிட் எல்லாம் லாரியில் ஏற்கெனவே எழுதியிருந்ததால் சில வரிகளில் வேலை முடிந்தது. கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை. 'அனுப்பலாமா?' என்ற கேள்விக்கு லாரி வைத்திருந்த பதில் அப்படியே ட்ரெய்லருக்கும் வந்துவிட்டது. கூடவே, எஞ்சின் நம்பர் கட்டாயம் என்பதும் வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் அதில் தவறு தெரியவில்லை.

கேட் அண்ணன் முதல் ட்ரெய்லரை ஏற்றும்போது திரை எஞ்சின் நம்பர் கேட்டது. யார்டில் ஒரு பழக்கம் உண்டு. ட்ரெய்லருக்கென்று தனிப் பெயர் சொல்ல மாட்டார்கள். எந்த லாரி இழுக்கிறதோ அந்த லாரியின் பெயர்தான் அதற்கும். ஆகவே அவர் இழுக்கப்போகும் லாரியின் எஞ்சின் நம்பரைப் போட்டார். புரோகிராம் அந்த நம்பரை வைத்துச் சோதனை விவரத்தைத் தேடியது. லாரி நல்ல நிலையில் இருந்தது. ட்ரெய்லருக்கும் பாஸ் அச்சானது. அதன் கொக்கி வளையம் தேய்ந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. வேலப்பன்சாவடி அருகே அது லாரியிலிருந்து கழன்று, சாலையோர டீக்கடையின் பெஞ்சை நொறுக்கிவிட்டு நின்றது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் வடை எடுப்பதற்காக அப்போதுதான் எழுந்து உள்ளே போயிருந்தார்.

மறுநாள் எங்களையும் கூப்பிட்டார்கள். போகும் வழியில் எங்கள் முதலாளி சொன்னார்: "நாம வாயத் தொறக்க வேணாம். அது அவங்க வீட்டு விஷயம்." யார்டு முதலாளிக்குப் பாடியில் இன்னொரு யார்டு உண்டு, அதற்கும் எங்களிடமே புரோகிராம் வாங்குவதாகப் பேச்சு இருந்தது. சீனியர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். முந்தின நாள் மாலையே அவர் புரோகிராமைத் திறந்து பார்த்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும்.

கேட் ரூமில் கேட் அண்ணன் சுவரோரம் நின்றிருந்தார். அவரை அன்றோடு அனுப்பிவிடுவதென்று முடிவாகியிருந்தது.

"இல்லாத எஞ்சினுக்கு நம்பர் போட்டிருக்கான். இது பொய்க் கணக்கு இல்லாம என்ன?" என்றார் யார்டு முதலாளி.

"சார், பொட்டி நம்பர் கேட்டுச்சி. குடுக்காங்காட்டி கீச்சு கீச்சுனு கத்துது, நவுர மாட்டேங்குது. இஸ்துகினு போறது அந்த லாரி, அதான் அந்த நம்பர குட்தேன். நம்ம யார்டுல எப்பவும் அப்டித்தான சார் சொல்லுவோம்?"

"வாயப் பாரு. பொட்டி கேட்டா உன் மாமியார் பேரையும் குடுப்பியா?"

"அது கேட்டா குட்துட்டுப் போறேன் சார், எனக்கு இன்னா" என்றார் கேட் அண்ணன்.

சீனியர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "சார், நீங்களே உக்காந்து ஒரு ட்ரெய்லர ஏத்துங்க. எஞ்சின் நம்பர் இல்லாம ஏத்துங்க பாப்போம்."

யார்டு முதலாளி சலிப்போடு உட்கார்ந்தார். நம்பரை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தார். கம்ப்யூட்டர் கத்தியது. பூஜ்யம் போட்டார். மறுபடி கத்தியது. எங்கள் முதலாளி சீனியரின் முழங்கையைத் தொட்டார். சீனியர் திரும்பவில்லை.

"இப்ப என்ன சார் போடுவீங்க?"

"எதையாவது போட்டாத்தான்யா இது போகும் போல" என்றார் அவர்.

"அவரும் அதத்தான் செஞ்சாரு. ட்ரெய்லரும் லாரிதான்னு எழுதினது நான். தப்பு என்னுது."

கேட் அண்ணனுக்கு வேலை போகவில்லை. பாடி யார்டின் வேலை எங்களுக்கு வரவில்லை. மாதக் கடைசியோடு சீனியரை நின்றுவிடும்படி எங்கள் முதலாளி சொல்லிவிட்டார். போவதற்கு முன் அவர் ட்ரெய்லரை 'வண்டி'யிலிருந்தே பிறக்கும்படி மாற்றினார். மாற்றியவுடன் கம்பைலர் பதில் எங்கே என்று கேட்டு நின்றது. மெக்கானிக்கைப் பார்த்து வந்து கொக்கி வளையம், பிரேக் குழாய் எல்லாவற்றையும் எழுதினார். அதை யார்டில் போட்டுக் கொடுக்கப் போன அன்றைக்கு நானும் போயிருந்தேன்.

"இன்னா சார், என்னைய தூக்குவாங்கனு பாத்தா உன்னைய தூக்கிட்டானுங்க" என்றார் கேட் அண்ணன்.

"பரவால்லண்ணே."

"இன்னா பரவால்ல? வா, டீ அடிச்சிட்டு வரலாம். பெஞ்சுதான் இல்ல, நின்னுகினு குடிக்கணும்."

நின்றுகொண்டுதான் குடித்தோம். சீனியர் வழக்கம்போல நாக்கைச் சுட்டுக்கொண்டார். பெங்களூர் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதற்கு மேல் தெரியாது. நான் அதே அலுவலகத்தில் கல்யாணம் ஆகும்வரை இருந்தேன்.

என் மகனும் புரோகிராம்தான் எழுதுகிறான். போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஏதோ மழை வருகிறது என்பதுபோலச் சொன்னான். அவன் எழுதிய ஒன்றால் ஒரு கிடங்கிலிருந்து மருந்துப் பெட்டிகள் வேறு வேறு ஊர்களுக்குப் போய்விட்டன. விவரங்களைப் பதிந்த பெண்ணை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தவறு தன்னுடையது என்று அவன் மேலதிகாரிகளுக்கு எழுதி அனுப்பிவிட்டான். நான் ரசத்தைத் தட்டுக்கு வெளியே ஊற்றிவிட்டேன்.

"அனுப்பறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா."

"கேட்டா வேணாம்னு சொல்லுவீங்கம்மா."

சீனியரைப் பற்றி நான் அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதைதான் தோன்றியிருக்கிறது. ஆனால் அன்றைக்கு என் வாயில் வந்து நின்றது சீனியரின் பேச்சு இல்லை. 'வாயத் தொறக்க வேணாம்' என்ற எங்கள் முதலாளியின் பேச்சுதான். மகன் சொன்னது சரி. சீனியருக்கும் எங்கோ ஓர் அம்மா இருந்திருப்பார், அவர் என்ன சொல்லியிருப்பார் என்று இத்தனை வருடத்தில் முதல்முறையாக யோசித்தேன்.

அன்று முழுவதும் அவனுடைய வேலையைப் பற்றியே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை அவன் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் மற்றதைக் கேட்கத் தோன்றியது.

"அந்தப் பொண்ணு என்ன ஆனா?"

"திரும்ப வரச் சொல்லிட்டாங்கம்மா. நேத்தே வந்துட்டா."

"உன்னை?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றான். சாவி கிடைத்துவிட்டது. கிளம்பிப் போனான்.