டேப் மாமாவின் புது கஸ்டமர்

மூன்று பொத்தான்களையும் கழற்றினார். கம்பளிச் சட்டையை உரித்தெடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். கழுத்தில் தொங்கிய டேப்பை உருவி, தரையில் முழங்கால் ஊன்றி, "அசையாம நில்லு, அவ்ளோதான், இதோ முடிஞ்சிடுச்சு" என்றார். பள்ளிக்கூடச் சட்டைக்கு அளவு கொடுக்க வரும் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். ஆமைக்கு அசையும் உத்தேசமே இல்லை. தலையும் கால்களும் ஓட்டுக்குள் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

நீளம் ஏழேகால் அங்குலம். ஓட்டைச் சுற்றிப் பதினைந்து. அளவு நோட்டில் 'புதுசு' என்று தலைப்புப் போட்ட பக்கத்தில் தேதியோடு எழுதினார். அதற்கு மேலே இருந்த எட்டு வரிகளிலும் அதே ஏழேகால், அதே பதினைந்து. ஒரு நூல் கூடவுமில்லை, குறையவுமில்லை. எட்டு நாளாக ஓர் இலையைக்கூடக் கடிக்காத ஜீவன் இளைத்துப்போகிறதா என்று அவர் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடு இளைக்காது என்பது மனிதருக்குத் தோன்றவே இல்லை. ஆள் மெலிந்தால் இடுப்பில் தெரியும் என்று நாற்பது வருஷம் பிழைத்தவர் வேறு என்ன செய்வார்?

தெருவில் அவருக்கு டேப் மாமா என்று பெயர். குளிக்கப் போகும்போது டேப்பைக் கழற்றிக் கதவில் மாட்டுவார், வந்ததும் சட்டைக்கு முன்னால் அதைத்தான் போட்டுக்கொள்வார் என்று அவருடைய அக்கா சொல்வது வழக்கம். ஆல்டரேஷன்தான் அவருடைய தொழில். வயிறு போட்டவருக்குப் பிரித்து விடுவார், வாடியவருக்குப் பிடித்துத் தைப்பார், வளரும் பிள்ளைகளுக்கு ஓரத்தில் மூன்று விரல் துணி மடித்து வைப்பார். "ஊர்ல யாருக்கு என்ன கவலைன்னு டாக்டரை விட எனக்குத்தான் முன்னாடியே தெரியும்" என்பார். வெளியே சொல்லமாட்டார் என்பதால் எல்லோரும் அவரிடமே வருகிறார்கள்.

தையல் மெஷின் முன்னறையில், கிழக்கு ஜன்னலை ஒட்டி இருந்தது. பின்பக்கத்தை அடுத்த கட்டடம் எழும்பி மறைத்த பிறகு, அந்த வீட்டில் வெயில் நுழைய மிஞ்சிய ஒரே வழி அதுதான். கட்டில் போட அந்த இடத்தை மனைவி தன் காலத்தில் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. மகன் ஒரு சோபா வாங்கி வந்தான், வந்த வண்டியிலேயே சோபா திரும்பிப் போயிற்று. "ஜன்னலைத் தவிர எதை வேணா கேளு" என்பது வீட்டுச் சட்டம். அந்த வெளிச்சத்தில்தான் அறுபத்து நாலு வயதிலும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோத்து வந்தார். அதில் அவருக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

மனைவி போய், மகனும் வேலைக்காக வெளியூர் போன பிறகு, அக்கா வந்து கூடவே தங்கிவிட்டார். எழுபது வயது. தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் ஊரார் பேச்சை இணைத்துவிட்டு, தன் பேச்சைக் குறைத்துக்கொண்டவர். கண் ஆபரேஷன் ஆகிப் பார்வை பளிச்சென்று ஆன புதிதில், "குடுடா, நான் கோத்துத் தரேன்" என்று தம்பியிடம் கை நீட்டினார்.

"என் ஊசிக்கு இன்னொருத்தர் நூல் கோக்கணும்னா, அன்னிக்கே மெஷினை மூடிடுவேன்க்கா."

அக்கா கையை மடக்கிக்கொண்டு காபி போடப் போய்விட்டார். அப்புறம் அந்தப் பேச்சு எழவில்லை.

ஆமை வந்தது இரண்டு மாதத்துக்கு முன்னால். மூலை வீட்டுக்காரர்கள் காலி பண்ணிக்கொண்டு போன அன்று, லாரி உறுமிக்கொண்டு நிற்க, அந்த வீட்டு அம்மாள் சோப்புத்தூள் அட்டைப்பெட்டி ஒன்றோடு ஓடி வந்தாள். "மாமா, போற இடத்துல இதெல்லாம் வெச்சுக்க முடியாது. நீங்க வெச்சுக்கங்க. ஒரு தொந்தரவும் இல்ல, இலை தின்னும்." அவர் பெட்டியைத் திறந்து பார்த்து நிமிர்வதற்குள் லாரி திருப்பம் தாண்டிவிட்டது.

அடுத்த வீட்டு வாத்தியார் எட்டிப் பார்த்து, "ஆமையா? பாவம், காஞ்சு கெடக்கு. ஒரு அண்டா தண்ணியில தூக்கிப் போடுங்க, ஜோரா நீந்தும்" என்றார்.

"தண்ணி வேணாம்." டேப் மாமா போட்ட சத்தத்தில் வாத்தியார் ஓரடி பின்வாங்கினார். மாமாவின் குரல் அந்த அளவுக்கு உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அக்கா மட்டும் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவருக்கு ஏழு வயதில், அக்காவுக்குப் பதிமூன்று வயதில், அவர்கள் பிறந்த வீட்டில் ஓர் ஆமை இருந்தது. அப்பா எங்கிருந்தோ கொண்டுவந்தது. காலையில் அது சமையலறைப் படிக்கு நடந்து வரும். அக்கா பள்ளிக்கூடம் போகுமுன் அதற்கு ஒரு தக்காளித் துண்டு வைப்பாள், அது தின்கிற சத்தத்தை இரண்டு பேரும் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துக் கேட்பார்கள். அதைவிட நல்ல காலைகள் அவருக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை. ஒரு கோடை விடுமுறை மத்தியானம், சூடு தாங்காதே, குளிக்கட்டுமே என்று அதைத் தூக்கிக் கொல்லைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டுவிட்டு இவர் பந்து விளையாடப் போய்விட்டார். சாயங்காலம் வந்து பார்த்தபோது அது தொட்டியின் அடியில், பாசி மேல் கிடந்தது.

அப்பா கேட்டார். இவர் வாயைத் திறக்குமுன், "நான்தான் விட்டேன்" என்றாள் அக்கா. விடுமுறை முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் கடல் பார்க்க அழைத்துப் போவதாக இருந்தார்கள். அப்பா அவளை அனுப்பவில்லை. எல்லாப் பிள்ளைகளும் கிளிஞ்சல் கொண்டுவந்து காட்டியபோது அவள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். தனக்காகப் பழியை ஏற்ற அக்காவிடம் ஐம்பத்தேழு வருஷமாக அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அக்காவின் ரவிக்கைகளுக்கு மட்டும் எல்லாத் தையலையும் இரட்டைத் தையலாகப் போட்டு வந்தார்.

ஆகவே இந்த முறை, இது நிலத்து ஆமையா நீர் ஆமையா என்று தெரியாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டமாட்டேன் என்று இருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கால்களைப் பார்த்தார். வாத்தின் காலில் விரலுக்கு விரல் ஒட்டுப் போட்ட மாதிரி ஜவ்வு இருக்குமே, அது இல்லை. யானைக்குட்டியின் கால் போல உருண்டு, தடித்து, செதில் செதிலாக இருந்தது. முதுகோ கவிழ்த்த கிண்ணம். நூலகத்துக்குப் போய் இரண்டு மத்தியானம் உட்கார்ந்து, படம் போட்ட தடித்த புத்தகங்களைப் புரட்டினார். நீரில் வாழும் ஆமைக்கு ஓடு தட்டையாக இருக்கும், நிலத்தில் வாழும் ஆமைக்கு மேடாக இருக்கும் என்று ஒரு புத்தகம் சொன்னது. அவர் படத்தின் மேலேயே டேப்பை வைத்து அளக்க, நூலகர் மெல்ல இருமினார். வீட்டுக்கு வந்து 'நிலத்து ஆமை' என்று நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டார்.

அதற்குப் பிறகு அந்தக் கஸ்டமருக்கு நடந்த உபசாரம் கொஞ்சமல்ல. கீரை நறுக்கிய தட்டு, அரை அங்குலம் மட்டும் தண்ணீர் ஊற்றிய தாம்பாளம், ஒளிந்துகொள்ள ஒரு பழைய பெட்டி. ஆமை மெஷினுக்கு அடியில் நடமாடி, மிதியில் முட்டிக்கொண்டு நின்றது. "தள்ளிக்கடா, வேலை நடக்குது" என்று அவர் மிரட்ட, ஊரார் ஜன்னலில் நின்று சிரித்தார்கள். பல வருஷத்துக்குப் பிறகு வீட்டில் காலை என்று ஒன்று விடிந்தது.

பிறகு குளிர் வந்தது. குளிர்ந்தால் மனிதர் என்ன செய்வார்? தைத்தார். பழுப்புக் கம்பளியில், கழுத்துக்குப் பட்டி வைத்து, கால்களுக்கு இடம் விட்டு, வயிற்றுக்குக் கீழே மூன்று பொத்தான். இவ்வளவு அசையாமல் எந்தக் கஸ்டமரும் அளவு கொடுத்ததில்லை என்று பூரித்துப்போனார். சட்டை போட்ட மூன்றாம் நாளிலிருந்து ஆமை சாப்பிடுவதை நிறுத்தியது. இவர் இன்னும் குளிர்கிறது போல என்று உள்பக்கம் ஒரு லைனிங் கொடுத்தார்.

அது பட்டினி கிடந்த ஒன்பதாம் நாள் அளவு எடுத்து முடித்த கையோடு, ஆமைக்குச் சட்டையை மறுபடி மாட்டி, துணிப்பையில் வைத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே இருந்த டாக்டருக்கு அவருடைய மருமகள் வயதுதான் இருக்கும். சட்டையைப் பார்த்ததும் சிரித்தாள், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"யார் தச்சது ஐயா?"

"நான்தாம்மா."

"தையல் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா நமக்கு உடம்புல சூடு இருக்கு, கம்பளி அதைப் பிடிச்சு வைக்குது. இதுகிட்ட பிடிச்சு வைக்கச் சூடே கிடையாது. வெயிலை முதுகுல வாங்கித்தான் உள்ள ஏத்திக்கணும். நீங்க அந்த முதுகை மூடி வெச்சிருக்கீங்க."

அவர் பொத்தான்களைக் கழற்றினார். "பொழைக்குமா?"

"ஜன்னலை நல்லாத் திறந்து, வெயில் நேரா மேல படற மாதிரி விடுங்க. கண்ணாடி வழியா வந்தா பத்தாது. தினம் காலையில மூணு மணி நேரமாவது வேணும். முதல்ல வெதுவெதுன்னு தண்ணியில, தாடைக்குக் கீழ இருக்கற மாதிரி, கால் மணி நேரம் நிக்க வைங்க. உடம்புல தண்ணியே இல்ல. நாலஞ்சு நாள்ல வாயைத் திறந்தா பொழைச்சுக்கும்." பிறகு ஆமையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பொண்ணு, தெரியுமா?" என்றாள்.

தெரியாது. இரண்டு மாதமாக டா போட்டுப் பேசியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து, அகலப் பாத்திரத்தில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து ஊற்றினார். டேப்பை விட்டு ஆழம் பார்த்தார், ஓர் அங்குலம். கொஞ்சம் இறைத்துவிட்டு மறுபடி பார்த்தார், முக்கால். ஆமையை இரண்டு கையாலும் தூக்கினார். தண்ணீருக்கு மேலே கொண்டுபோனார். கை அங்கேயே நின்றுவிட்டது. முக்கால் அங்குலத் தண்ணீருக்குப் பயந்தார் அந்த மனிதர்.

"டாக்டர்தானே சொன்னாங்க, விடு" என்றார் அக்கா பின்னாலிருந்து.

"முடியலக்கா. நான்தான் அன்னிக்கு…" ஆமையை மார்போடு சேர்த்துக்கொண்டார். "நான் பண்ணினதுக்கு நீ கடலைக்கூடப் பார்க்காம இருந்தே."

அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நீ விட்டதை நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன். மாடி ஜன்னல்ல நின்னு தலை பின்னிட்டிருந்தேன். அது தண்ணியில காலை காலை ஆட்டிச்சு. நீந்துதுன்னு நெனச்சேன். அழகா இருக்கேன்னு கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தேன். அப்புறம் ரெண்டாவது பின்னலைப் பின்ன உள்ள போயிட்டேன்." ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக, இணைப்புக் கொடுக்கிற குரலில் வந்தது. "உனக்காகன்னு நான் எதுவும் சொல்லலடா. நான் பண்ணினதைத்தான் அப்பாகிட்ட சொன்னேன்."

ஐம்பத்தேழு வருஷம் ஒரே பாரத்தை இரண்டு பேரும் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள், அதுவும் கடைசிக் காலத்தில் ஒரே வீட்டில் காபி குடித்துக்கொண்டு. அவருக்கு அழுகை வந்தது, அழுதார். அக்கா அவர் கையிலிருந்து ஆமையை வாங்கவில்லை. அந்தக் கைகளுக்கு அடியில் தன் கைகளைக் கொடுத்தார். நான்கு கைகளாக அதைத் தண்ணீரில் இறக்கினார்கள். கால் மணி நேரமும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கழுத்து மெல்ல நீண்டு, தாடை தண்ணீரைத் தொட்டது. தொண்டை ஏறி இறங்கியது.

மறுநாள் காலை அவர் சாக்கட்டியை எடுத்து, ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்த வெயிலைச் சுற்றிக் கோடு போட்டார், துணியில் போடுவது போலவே. ஒரு மணி நேரம் கழித்து, நகர்ந்த வெயிலுக்கு இன்னொரு கோடு. பத்து மணிவரை இப்படிப் போட்டுப் பார்த்ததில், எல்லாக் கோடுகளும் மெஷினின் காலுக்குள்ளேயே வந்து முடிந்தன. ஆமைக்கு விழ வேண்டிய வெயிலை மெஷின் வாங்கிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். "அக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம் பிடி" என்றார். மெஷின் உள்சுவர் ஓரம் போயிற்று. தரையில் நாற்பது வருஷமாக வெளிச்சம் படாத நான்கு தடங்கள் பளபளவென்று புதிதாக இருந்தன. அவற்றுக்கு நடுவில் ஆமையை வைத்து ஜன்னல் கதவுகளை விரியத் திறந்தார்.

உள்சுவர் ஓரம் இருட்டு. முதல் நாள் நூல் கோக்க அவருக்கு அரைமணி ஆயிற்று. இரண்டாம் நாள் கொடுத்தனுப்ப வேண்டிய பேன்ட் போகவில்லை. மூன்றாம் நாளும் ஆமை வெயிலில் கண்ணை மூடிக் கிடந்ததே தவிர, தட்டுப் பக்கம் திரும்பவில்லை. அவர் டேப்பை எடுத்து அளக்கவும் இல்லை.

நான்காம் நாள் காலை, அக்கா வாசலோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இவர் நூல் நுனியை எச்சில்படுத்தி, ஒரு கண்ணை மூடி, ஊசியைத் தூக்கிப் பிடித்து, கோத்துக் கோத்துத் தவறிக்கொண்டிருந்தார். அப்போது பின்னால், தரையில், நறுக்கென்று ஒரு சத்தம். சற்று நேரம் கழித்து இன்னொன்று. சின்ன வயதில் கன்னத்தைத் தரையில் வைத்துக் கேட்ட அதே சத்தம்.

அக்கா கீரையை நிறுத்தினார். இரண்டு பேரும் திரும்பவில்லை, திரும்பினால் நின்றுவிடுமோ என்று. மூன்றாவது கடியும் விழுந்த பிறகு, டேப் மாமா தலையைத் திருப்பாமலே, ஊசியையும் நூலையும் பின்பக்கமாக அக்காவிடம் நீட்டினார்.