பாதி முகத்தில் நின்ற கணினி

1. பள்ளிக்கூடக் குழுப்படத்தை ஸ்கேன் செய்தேன்.
2. கடைசி வரிசையில் நின்ற பையனின் முகத்தைப் பெருப்பித்தேன்.
3. நெற்றி வந்தது, கண்கள் வந்தன.
4. கணினி அப்படியே நின்றுவிட்டது.

பையனின் தாய் கரடியனாற்றிலிருந்து பஸ்ஸில் வந்து என் பக்கத்தில் இருந்தார். மகன் காணாமல்போய் ஒரு மாரி கடந்திருந்தது. வேறு படம் எதுவும் மிஞ்சவில்லை.

“என்ன மகள், வாய் வரைக்கும் வரமாட்டானாமா?”

“பெட்டிக்கு ஞாபகம் காணாது அம்மா. மெமரி வாங்கிப் போடணும்.”

“எனக்கும் அதுதான் கா. அவன்ட முகம் இப்ப பாதிதான் வருது.”

நான் வேலைசெய்த ஸ்டூடியோ வாவிக்கரையில் இருந்தது. பிற்பகலில் தண்ணீரின் வெளிச்சம் கூரையில் ஏறி அசையும். திரையில் நின்ற அந்தக் கண்களும் அசைவதுபோலிருக்கும்.

கொழும்புக்குப் பரீட்சைக்குப் போனபோது, பழைய மெமரித் துண்டின் உருவத்தைத் தாளில் வரைந்து கொண்டுபோனேன். அதன் விளிம்பில் இரண்டு வெட்டுகள். கடைக்காரர் நீட்டிய புதிய வகையில் ஒன்றுதான். வேகம் கூடியது, ஆனால் எங்கள் பெட்டியில் பொருந்தாது. பழைய வகையையே கேட்டு வாங்கினேன்.

திரும்பும் வழியில் சோதனைச்சாவடிச் சிப்பாய் அதை வெயிலில் தூக்கிப் பிடித்து என்னவென்று கேட்டார். சிங்களத்தில் ஞாபகத்துக்கு ‘மதக’ என்பார்கள். என் அரைகுறைச் சிங்களத்தில் ‘அமதக’ என்றேன். அதற்கு மறதி என்று அர்த்தம். கணினிக்கு மறதி வாங்கிப்போகும் பெண்ணை அவர் சிரித்தபடி போகவிட்டார்.

ஸ்டூடியோவில் வயரைக் கழற்றி, உடம்பின் மின்சாரம் துண்டில் பாயாதிருக்கப் பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு, துண்டை அழுத்தினேன். ஒரு பக்கக் கொளுவி மட்டும் பூட்டியது. வயரை மாட்டிப் போட்டதும் கணினி நீளமாகக் கத்தியது. வயரைக் கழற்றி மறுபடி அழுத்தினேன், இரண்டு பக்கமும் பூட்டியது. கறுப்புத் திரையில் மெமரியின் எண்கள், கடலுக்குத் தண்ணீர் போக முகத்துவாரம் வெட்டாத மாரியில் வாவி ஏறுவதுபோல் ஏறிக்கொண்டே போயின.

அடுத்த தரம் தாய் வந்தபோது வாய் வந்தது. சிரிப்பை அடக்கிய வாய்.

“மாலை, விளக்கு எல்லாம் கீறி விடவா?” என்றார் முதலாளி. பெரிய படம் கேட்பவர்களிடம் வழக்கமாகக் கேட்பதுதான்.

“மாலை கீலை ஒண்டும் வேணாம். மறுகா அவன் வந்து பாக்கக்குள்ள என்னத்தான் ஏசுவான்.”

படம் கரடியனாற்று வீட்டுச் சுவரில் இருக்கிறது. மாலை போடவில்லை. மகன் இன்னும் வரவில்லை.