கம்பு தூக்காத வாசல்

காலை ஆறு மணிக்குப் பெரட்டுக்களத்தில் கங்காணி ஆட்களை எண்ணுவார். அழகமுத்து நெற்றிகளை எண்ணுவார். பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொரு முகமாகக் கண்ணை ஓட்டுவார். திருநீறு இருந்தால் நம்ம ஆள். வெறும் நெற்றி என்றால் பொழுது சாய்வதற்குள் வரிசை வீட்டு லயம் முழுக்கச் செய்தி போய்விடும்: "அந்த வீட்டுல வேதம் பூந்திருச்சு போல." இலங்கையில் யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கிற இந்த ரப்பர்த் தோட்டத்தில் வருஷத்தில் பாதி மழை. மழை நாளில் களத்துக்கு வந்து சேர்வதற்குள் எல்லார் நெற்றியும் கழுவிவிட்ட பீங்கான் மாதிரி ஆகிவிடும். அவர் சட்டப்படி அன்றைக்குத் தோட்டமே கிறிஸ்தவத் தோட்டம். அவர் நெற்றியும் சேர்த்துத்தான். தன் நெற்றியைத் தானே பார்க்கிற வசதியைச் சாமி யாருக்கும் கொடுக்கவில்லை, என்ன செய்ய.

வயது ஐம்பத்தாறு. தொழில் பால்வெட்டு. நகக்கண்ணெல்லாம் ரப்பர்ப் பால் காய்ந்து கறுத்திருக்கும். குளித்தாலும் போகாத புளித்த வாசம் ஒன்று அவருக்கு முன்னால் நடந்து வரும். அந்த வாசத்தையும் தாண்டி அடுத்த வீட்டு மதத்தை மோப்பம் பிடிக்கிறாரே, அது லேசான திறமை இல்லை.

கோயிலில் அவர் தலைவரும் இல்லை, பூசாரியும் இல்லை. அவருடைய பதவி ஒரு மூங்கில் கம்பு. தொண்ணூற்றெட்டில் லயங்களுக்குக் கரண்ட் வந்தபோது வாசலுக்கு வாசல் வயரைத் தாழத் தொங்கவிட்டுப் போய்விட்டார்கள். திருவிழாவில் நாலு பேர் தூக்கி வருகிற மாரியம்மன் சப்பறம் அதற்குக் கீழே நுழையாது. யாராவது முன்னால் போய் வயரைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அழகமுத்து முந்திக்கொண்டார். கம்பின் நுனிக் கவட்டையில் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றி, பொட்டும் வைத்துவிட்டார். அம்மனுக்கு நாலு கை இருந்தும், வாசல் ஏற அழகமுத்து தேவைப்பட்டார். அதை அவர் மறக்கவும் இல்லை, அம்மனை மறக்க விடவும் இல்லை.

திருவிழாச் சாமான் முழுக்க பஜாரில் முக்தார் நானாவின் கடையில்தான் வாங்குவார். அங்கே மலிவு. மலிவு விஷயத்தில் அம்மனுக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் பொட்டலங்களைக் கோயில் வாசலில் இறக்கி மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் உள்ளே விடுவார். கேட்டால், "நானா கை பட்டது பாருங்க" என்பார். இது முக்தாரின் காதுக்கும் போனது. அடுத்த வருஷம் சாமானைக் கட்டி நீட்டிக்கொண்டே அவர் நிதானமாகச் சொன்னார்: "தெளிக்கிறதுன்னா தெளிங்க அழகமுத்தண்ணே. தீப்பெட்டியில மட்டும் தெளிச்சிராதீங்க."

இதே அழகமுத்து, புத்தர் கோயிலான பன்சலையைத் தாண்டும்போது கொட்டுகிற மழையிலும் குடையை மடக்கிவிடுவார். அங்கே இருக்கிற பிக்கு ஹாமுதுருவிடம் பேசுகிற சிங்களத்தில் சீனி கரைந்து சொட்டும். அது என்ன என்று யாராவது கேட்டால், "அது மரியாத." அழகமுத்துவின் மரியாதை மேட்டைப் பார்த்துத்தான் ஏறும். பள்ளத்துக்கு இறங்குகிறது வேறு.

அது இந்த வருஷம் மூன்றாம் லயத்துத் தங்கம்மாவின் தலையில் இறங்கியது. வைகாசி மாதம் அவளுடைய வீட்டுக்காரரை ரப்பர்க் காட்டில் விரியன் கடித்துவிட்டது. அடைமழை. தோட்டத்து லொறி கிளம்பவில்லை. கீழ்ப் பாதையில் இருக்கிற ஜெபக்கூடத்துக்காரர்கள்தான் தங்கள் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார். தங்கம்மா மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடத்தின் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அவ்வளவுதான் நடந்தது. நாலாவது ஞாயிறு அவள் ஞானஸ்நானம் வாங்கிய கதையை, என்ன நிறச் சேலை கட்டியிருந்தாள் என்பது வரைக்கும், அழகமுத்து சொல்லிக்கொண்டிருந்தார்.

கதை கலவானைக்கும் போய்விட்டது. தங்கம்மாவின் மகள் நிரோஷாவை அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கேட்டிருந்தார்கள். பையனுடைய தாய் வெள்ளையம்மா ஆள் விட்டுச் சொல்லியனுப்பினாள்: திருவிழாவன்று வருகிறோம், வாசலில் சாமி நின்றால் வெற்றிலை மாற்றுவோம், நிற்காவிட்டால் சோறு தின்னாமல் பஸ் ஏறிவிடுவோம்.

திருவிழாவுக்கு முதல்நாள் தங்கம்மா அழகமுத்துவின் இஸ்தோப்புத் திண்ணையில் வந்து நின்றாள். அவர் கவட்டைக்கு டியூப் சுற்றிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. ஒரே ஒரு வழி இருக்கிறது என்றார். கோயில் வாசலில் சூடத்தை அணைத்து, அந்தக் கூடத்தில் காலே வைக்கவில்லை என்று சத்தியம் பண்ண வேண்டும்.

"நான் போனது நெசந்தானே அண்ணே," என்றாள் தங்கம்மா.

"அது எனக்கும் தெரியும். நீ இல்லேன்னு சொல்லணும்."

"அந்த வேன் வராட்டி நான் இன்னிக்குத் தாலியோட நிக்க மாட்டேன். அம்மனுக்கு முன்னால அத எப்படிங்க இல்லேன்னு சொல்றது?"

மாரியம்மன் கோயிலில் பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன் என்கிறவள் வேதக்காரி. பண்ணச் சொல்கிறவர் சைவத்தின் தூண். தூண் டியூப்பை இழுத்து முடிச்சுப் போட்டது.

மறுநாள் பத்து மணிக்குச் சப்பறம் லயம் சுற்றக் கிளம்பியது. முதல் லயம், இரண்டாம் லயம், வயர் உயர உயர அம்மன் வாசல் வாசலாக நின்று தேங்காய்த் தட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். மூன்றாம் லயத்தில் தங்கம்மாவின் காம்பிரா வாசலுக்கு நேரே கம்பு கீழே இறங்கியது. அழகமுத்து அதைத் தரையில் ஊன்றி, வாசலுக்குக் குறுக்கே நின்றுகொண்டார். தப்புக்காரர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். இரவல் நாற்காலியில் வெள்ளையம்மா. கதவுக்குப் பின்னால் பட்டுச்சேலையில் நிரோஷா; அவளுடைய கை மட்டும் கதவு நிலையைப் பிடித்திருந்தது தெரிந்தது.

இந்த வாசலுக்கு நிற்காது, அடுத்த வாசலுக்கு நடங்கள் என்று அழகமுத்து தூக்குகிறவர்களுக்குச் சொன்னார். ஏன் என்று பூசாரி கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. ஆள் கூட்டத்தைக் கண்டால் அழகமுத்துவுக்கு வாய் நிற்காது. சாமியை முதுகுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, நம் பாட்டன் பூட்டன் கடல் தாண்டி வந்தது, வேதம் லயத்துக்குள் வந்தது, வேன், வாங்கு, சேலை என்று அடுக்கிக்கொண்டே போனார். தூக்குகிறவர்கள் இரண்டு தரம் தோள் மாற்றினார்கள். வெயில் ஏறியது.

தங்கம்மா கொளுத்திய சூடத் தட்டோடு படியிறங்கிப் பாதைக்கு வந்தாள். பூசாரி தட்டைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார், கையை நீட்டவில்லை. அப்போதுதான் வெள்ளையம்மா எழுந்து வந்தாள். தங்கம்மாவிடம் நேராகவே கேட்டாள்.

"போனியா?"

"போனேன்."

"எதுக்கு?"

"நிரோஷா அப்பா உசுருக்கு."

வெள்ளையம்மா தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அழகமுத்துவின் பக்கம் திரும்பினாள். "சாமி நிக்கணும்னுதான் நான் சொல்லிவிட்டேன். நீங்க பேச ஆரம்பிச்சதுல இருந்து நின்னுக்கிட்டுத்தானே இருக்கு? மத்த வாசல்ல ரெண்டு நிமிஷந்தான் நின்னுச்சு. இங்கன அர மணித்தியாலம்."

தப்புக்காரர்களில் யாரோ சிரித்தார்கள். அழகமுத்து கம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

வெள்ளையம்மா தட்டை அம்மனுக்கு மூன்று சுற்றுச் சுற்றினாள். பிறகு சப்பறம் தூக்கியவர்களிடம் நீட்டினாள். அவர்கள் ஒற்றைக் கையை விடுவித்து ஒற்றிக்கொண்டார்கள். பூசாரியும் ஒற்றிக்கொண்டார். கதவு நிலையில் இருந்த கை உள்ளே போய், வெற்றிலைத் தட்டோடு வெளியே வந்தது. வெள்ளையம்மா கடைசியாகச் சூடத் தட்டை அழகமுத்துவுக்கு முன்னால் பிடித்தாள்.

பிறந்ததிலிருந்து பழகின கை. அவரைக் கேட்காமலே உயர்ந்து, விரல் விரித்து, சுடரின் மேல் வந்து நின்றது. யார் வீட்டுத் தட்டு என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கை அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. சூடும் பட்டிருக்கும். கண்ணுக்குப் போக வேண்டிய கையை அப்படியே திருப்பிக்கொண்டுபோய்க் காதைச் சொறிந்துகொண்டார்.