வெள்ளைக் கொடி

ஷார்ஜா மைதானத்தில் புல் வெட்டிய அவருக்கு முன்பல் இரண்டு கிடையாது. அங்கே அயர்லாந்துக்காரர்கள் சொந்த மாவட்டவாரியாக அணி பிரிந்து, மட்டையும் பந்துமாக ஹர்லிங் என்ற தங்கள் நாட்டு ஆட்டத்தில் மோதுவார்கள். ஒருவரையொருவர் நம்பாததால், பந்து கம்பங்களுக்கிடையே போனால் வெள்ளைக் கொடி தூக்க அவரை நிறுத்தினார்கள். கையைச் சட்டையில் துடைத்த பிறகே அவர் கொடியைத் தொடுவார்.

அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டம். இடைவேளையில், அவருடைய மேலாளரான நான் சொன்னேன்: "நம்ம அயர்லாந்து இன்ஜினியரோட டீம் அடிச்சா யோசிக்காம தூக்கிடுங்கண்ணே. நம்ம கம்பெனி கான்ட்ராக்ட் அவரு கையில இருக்கு."

"உள்ள போனா தூக்குறேன் சார். வெளிய போனா கொடிக்கு என்ன வேலை?"

அந்த அணியின் கடைசிப் பந்து வெளியே போனது. அவர் தூக்கவில்லை. தோற்ற இன்ஜினியரே வந்து அவர் கையைக் குலுக்கினார்.

மறுநாள் அவரைத் தொலைவிலிருந்த புஜைரா சைட்டுக்கு மாற்றினேன். யாரும் சொல்லாமல் நானாகச் செய்த ஈனத்தனம் அது. கொடியைத் துவைத்து மடித்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அதைத் தொட எனக்குக் கை கூசியது.